திருப்பிக் கொடுத்த பயணப்படி

அரசாங்கப் பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களை நான் அறிவேன். அரசாங்கப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அதனால் மற்றொருவருடைய முன்னேற்றத்தைக் கெடுக்க இருந்தவன், எனக்குத் தெரிந்தவரையில் நான் ஒருவனே.

சுதந்திரம் வந்த மறு ஆண்டு அது. மலாக்கா நகரத்திற்குக் குடிநீர் அனுப்பும் நிலையத்தில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றிலிருந்து வரும் கலங்கல் நீரில் படிகாரம் கரைத்து, அழுக்கைப் படியவைத்து, மணலில் வடித்து, கிருமிகளைக் கொல்லும் மருந்து சேர்த்து, குழாய்களுக்கு விடுவது அங்கு நடந்த காரியம். என் படிப்பு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆங்கிலத்தை நான் கற்றது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் சுற்றறிக்கைகளிலிருந்து. ஆகவே ‘தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்பதை என்னால் ஆங்கிலத்தில் பிழையின்றி எழுத முடியும். ‘பசிக்கிறது’ என்று சொல்லத்தான் சற்று யோசிக்க வேண்டும்.

வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். அதுவரையில் எவ்வளவு படிகாரம், எவ்வளவு மருந்து என்பதையெல்லாம் துரையே தீர்மானிப்பார். அவர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதை நாங்கள் அளந்து கொட்டுவோம். அவர் போய்விட்டால் சீட்டு எழுத யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. எங்களுள் சிலரைக் கோலாலம்பூருக்கு அனுப்பி மூன்று வாரம் பயிற்சி அளிப்பது என்று இலாகா முடிவு செய்தது. முதல் ஆளாக என்னை அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு இருவர் போவதாகத் திட்டம். அவ்விருவரில் ஒருவர் என் நண்பர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காஜா பெராங்கில், பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியில் பிறந்தவர். நான் வாடகைக்குக் குடியிருந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தமிழ்த் தெய்வத்தின் பெயரைத் தாங்கியவர். ஆயினும் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் பேச்சு மொழி அவர்களுக்கே உரிய மலாய். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதால் என்னை ‘அபாங்’, அதாவது அண்ணன், என்று அழைப்பார். நான் அவரைத் ‘தம்பி’ என்பேன். அவருடைய மலாயில் அந்தத் தமிழ்ச் சொல்லும் உண்டு. அவர் பேசியவற்றை இங்கே நான் தமிழாக்கியே தருகிறேன். எட்டு ஆண்டுகளாகப் பம்பு இயந்திரத்தைக் காத்துவந்தவர். அதன் சத்தம் மாறினால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவார். இரண்டு முறை பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் விடுபட்டிருந்தது. பயிற்சி பெற்றவருக்கே இனி உயர்வு என்று விதி வந்தபின், பயிற்சிக்கான அந்த இடத்தையே அவர் எதிர்பார்த்திருந்தார்.

என் பயணத்திற்கு இலாகா முன்பணம் கொடுத்தது. தங்கும் இடத்திற்கு இவ்வளவு, சாப்பாட்டிற்கு இவ்வளவு, பேருந்திற்கு இவ்வளவு என்று ஒரு நாளைக்கு நிர்ணயித்து, மூன்று வாரத்திற்கும் சேர்த்து உறையிலிட்டுத் தந்தார்கள். அவ்வளவு பணத்தை ஒருசேர நான் தொட்டதில்லை. உறையை என் மனைவியிடம் காட்டியபோது அவள் அதைக் கையில் வாங்கவே தயங்கினாள்.

“ஏங்க, இது நம்ம பணமா, அவங்க பணமா?”

“அவங்க பணந்தான். செலவுக்குக் குடுத்திருக்காங்க.”

“அப்ப பாத்துச் செலவு பண்ணுங்க. ஒண்ணு கூடப் போச்சுன்னா சம்பளத்துல பிடிச்சிருவாங்க. எங்கப்பாவுக்கு அப்படித்தான் பிடிச்சாங்க.”

அவள் சொன்னது தோட்டத்து வழக்கம். என் தகப்பனாரையும் அவ்வாறு அனுப்பியதுண்டு. தோட்டத்து மருந்தகத்திற்குச் சாமான் வாங்கப் பட்டணத்திற்குப் போனால், மீதியையும் கடைச் சீட்டையும் அன்றே கிராணியின், அதாவது தோட்டத்து எழுத்தரின், மேசையில் வைக்க வேண்டும். வெயிலில் ஒரு கோப்பை தேநீர் குடித்ததற்கு என் தகப்பனார் கிராணியிடம் கைகட்டி விளக்கம் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வழக்கத்தில் வளர்ந்த எங்கள் இருவருக்கும், நாட்படி என்பது பணியாளருக்கே உரியது, அதில் மிச்சமானதை எவரும் திரும்பக் கேட்பதில்லை என்ற செய்தி தெரிந்திருக்கவில்லை. இலாகாவில் யாரும் சொல்லவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் சொல்வார்கள்?

ஆகவே நான் பாத்திரமும் அரிசியும் கருவாடும் ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டு போனேன். செந்தூலில் ரயில்வே குடியிருப்பில் என் மைத்துனர் இருந்தார். அவர் வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுத்தேன். பயிற்சி நடந்த இடம் அங்கிருந்து நெடுந்தொலைவு. பேருந்துக் கட்டணம் மிச்சமாகட்டும் என்று காலையிலும் மாலையிலும் நடந்தேன். நடந்த களைப்பில் பிற்பகல் வகுப்புகளில் என் தலை சாய்ந்துவிடும். பக்கத்தில் இருந்த பேராக்குக்காரர் முழங்கையால் இடித்து எழுப்புவார்.

அதைவிடப் பெரிய தவறொன்று உண்டு. வாரத்தில் இரண்டு மாலைகள், நகரத்திற்கு வெளியே இருந்த ஒரு நீர்நிலையத்தில் செய்முறைப் பாடம் வைத்தார்கள். ஆறு கண்ணாடி ஜாடிகளில் ஒரே கலங்கல் நீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் படிகாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கலக்கி, எந்த அளவில் நீர் தெளிகிறது என்று பார்த்து, அன்றைய ஆற்றுக்கு அன்றைய அளவைக் கண்டுபிடிக்கும் பாடம். துரை சீட்டில் எழுதித் தந்த எண் அந்த ஜாடிகளிலிருந்துதான் பிறந்தது என்பதை அங்கேதான் அறிந்தேன். ஆனால் அங்கே போய்வரப் பேருந்துச் செலவும், கடையில் இராச் சாப்பாட்டுச் செலவும் ஆகும். முதல் மாலை போனேன். மற்ற ஐந்து மாலைகளும் உடல்நலம் சரியில்லை என்று சொல்லி நின்றுகொண்டேன். எழுத்துத் தேர்வில் புத்தகத்தில் உள்ளதை ஒப்பித்து எழுதினேன். சான்றிதழ் கிடைத்துவிட்டது.

ஊர் திரும்பிய மறுநாள், மிஞ்சிய பணத்தை அதே உறையில் இட்டு, ஒரு கடிதமும் எழுதி, காசாளரிடம் ஒப்படைத்தேன். வந்த பணத்தில் பாதிக்கும் மேல் அதில் இருந்தது. கடிதம் எழுத இரண்டு நாட்கள் ஆயின. பொதுப் பணத்தைச் சிக்கனமாகக் கையாளுவது புதிய தேசத்தின் குடிமகனுடைய கடமை என்று அதில் எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தைப் பற்றி அன்று எனக்கிருந்த பெருமையை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

சக ஊழியர்கள் என்னைச் சும்மா விடவில்லை. “சாமியாரு வர்றாரு, வழி விடுங்க லா,” என்று ஒருவர் கையெடுத்துக் கும்பிடுவார். “அண்ணே, ஒங்க சம்பளத்தையும் திருப்பிக் குடுத்துருவீங்களா? எங்க வீட்டுக்கு அனுப்பிருங்களேன்,” என்று இன்னொருவர் கேட்பார். நேர்மைக்குக் கிடைக்கும் கேலி என்று எண்ணிச் சிரித்துக்கொண்டே கடந்துபோனேன்.

மழைக்காலம் தொடங்கியது. ஒரு நாள் அதிகாலை ஆறு செம்மண்ணாக வந்தது. துரை விடுப்பில் இருந்தார். பயிற்சி பெற்றவன் நான் என்பதால் அளவு சொல்லும் பொறுப்பு என்னுடையது. ஜாடிகளை எடுத்து வைத்தேன், கலக்கினேன், பார்த்தேன். என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. முன்பொரு மழையில் துரை எழுதித் தந்த எண்ணை நினைவிலிருந்து எடுத்து, அதையே கொட்டச் சொன்னேன். அன்று காஜா பெராங் வீடுகளில் குழாயைத் திறந்தவர்கள் மஞ்சள் தண்ணீரைக் கண்டார்கள். உடல்நலக் கேடு எவருக்கும் வரவில்லை; துவைத்த வெள்ளைத் துணிகள் கெட்டன. எல்லோரும் மழையைக் குறை சொன்னார்கள். நானும் மழையையே குறை சொன்னேன்.

சில வாரங்கள் கழித்துப் பெரிய கிராணி என்னை அழைத்தார். யாழ்ப்பாணத்துப் பெரியவர், முப்பது ஆண்டு உத்தியோகம், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுபவர். அவர் மேசையில் கருவூலத்திலிருந்து வந்த கடிதம் கிடந்தது.

“இஞ்ச வாரும், தம்பி. இரும். நீர் என்ன செய்துபோட்டீர் எண்டு தெரியுமே?”

“தெரியலைங்க ஐயா.”

“காசு திருப்பிக் குடுத்தீராம். ஆரும் உம்மட்டக் கேட்டவையே? என்ர கந்தோரில முப்பது வருசத்தில ஒருத்தனும் செய்யாத வேலை. அண்டைக்கு நான் லீவில நிண்டதால உந்தக் காசாளன் வாங்கி வைச்சிட்டான். இப்ப இதைப் படியும்.”

படித்தேன். சுற்றறிக்கை மொழிதான், எனக்கு நன்றாகவே விளங்கியது. ஓர் ஊழியர் பாதிக்கும் குறைவான தொகையில் பயிற்சியைச் செவ்வனே முடித்துச் சான்றிதழும் பெற்றிருப்பதால், அடுத்த ஆண்டுக்கான பயிற்சி ஒதுக்கீடு பாதியாகக் குறைக்கப்படுகிறது; ஆட்சேபம் இருப்பின் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கலாம் என்றிருந்தது.

“பாதிக் காசில ரெண்டு பேர் போகேலாது,” என்றார் பெரிய கிராணி. “ஒராள்தான். மூத்தவர் ஜாசின் பக்கத்து ஆள், அவர் போவார். உம்மட சிநேகிதன் நிண்டுபோவான். இனி எப்ப வருமோ ஆருக்குத் தெரியும்.”

“காரணம் எழுதலாம்னு இருக்கே, ஐயா?”

“என்னத்தை எழுதுறது? காசு காணாது எண்டு எழுதினால், உவர் எப்பிடிச் சமாளிச்சவர் எண்டு கேப்பாங்கள். சான்றிதழ் இருக்குதல்லோ உம்மட்ட.”

சொல்லியே ஆக வேண்டியதைச் சொன்னேன். நடந்து போனதை, வகுப்பில் உறங்கியதை, ஐந்து மாலைகள் போகாததை. மஞ்சள் தண்ணீரைச் சொல்லும்போது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“உதை அப்பிடியே எழுதினால் காசு நிக்கும், தம்பி. நீர் நிப்பீரோ எண்டுதான் எனக்குத் தெரியேல்லை. உம்மட வேலை இன்னும் நிரந்தரமாகேல்லை. யோசிச்சுச் செய்யும். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போகவேணும்.”

அன்று மாலை நண்பர் வீட்டிற்குப் போனேன். பெண்டஹாரா சாலைத் தையற்கடையில் அளவு கொடுத்துத் தைத்த புதுக் காற்சட்டை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. பயிற்சிக்கென்றே தைத்தது. எப்போதும் சாரோங் கைலியோடு இருக்கும் மனிதர். அதைப் பார்த்தபடியே, நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன்.

அவர், “அபாங், அரசாங்கத்துக் காசை மிச்சம் பிடிச்சு அரசாங்கத்துக்கே குடுத்த ஆளு இந்த மலாயாவிலேயே நீங்க ஒருத்தர்தான். உங்களை மியூசியத்துல வைக்கணும்,” என்றார். சிரிக்கவில்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். “அப்ப அன்னிக்கு என் வெள்ளைக் கெபாயாச் சட்டையைக் கெடுத்தது ஆறு இல்லையா? அபாங்தானா? நான் ஆத்தைத் திட்டித் தீத்தேனே!”

“ஆமாம்மா. நான்தான்.”

“ஆத்துக்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். நீங்க எங்கிட்டக் கேளுங்க.”

கேட்டேன். அவர் ஒரு கோப்பைக் காப்பியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். மன்னித்தாரா இல்லையா என்று அந்தக் கோப்பையிலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

புறப்படும்போது நண்பர் வாசல் வரை வந்தார். “எழுதாதீங்க, அபாங். உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கு. எட்டு வருஷம் பம்பைப் பாத்தவன் இன்னொரு வருஷம் பாக்கமாட்டேனா?” என்றார். வாய் அப்படிச் சொன்னதே தவிர, அவர் பார்வை என் முகத்தில் நிற்கவில்லை. உள்ளே சுவர்ப் பக்கம் போய்த் திரும்பியது.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னபோது அவள், “நாந்தானே பாத்துச் செலவு பண்ணச் சொன்னேன்,” என்று அழுதாள். நீ சொன்னது பணத்தைப் பற்றி, பாடத்தை விட்டுவிடு என்று நீ சொல்லவில்லையே என்று தேற்றினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டவள், “எழுதப் போறீங்களா?” என்றாள். “எழுதலைன்னா அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?” என்றேன். “அப்ப எழுதுங்க. வேலை போச்சுன்னா கிளேபாங் கடற்கரையில மீன் வாங்கித் தெருத்தெருவா விக்கலாம். எனக்குக் கூவத் தெரியும்,” என்றாள்.

இரண்டாவது கடிதத்தை ஒரே அமர்வில் எழுதினேன். அதில் புதிய தேசமும் கடமையும் இல்லை. நான் திருப்பிக் கொடுத்தது அரசாங்கம் மிச்சப்படுத்திய பணம் அன்று. நான் கற்காமல் விட்ட பாடத்தின் விலை அது என்று எழுதினேன். போகாத மாலைகளைக் குறிப்பிட்டேன். மழை நாளில் நகரத்திற்குப் போன கலங்கல் நீருக்கு நானே பொறுப்பு என்று எழுதினேன். அடுத்து அனுப்பப்படுவோர் பயிற்சி இடத்திற்கு அருகே தங்கவும், வயிறார உண்ணவும், எல்லா வகுப்புகளுக்கும் வாகனத்தில் போகவும் முழுப்படியும் வழங்கப்பட வேண்டும் என்று கேட்டு முடித்தேன். பெரிய கிராணி அதை இருமுறை படித்தார். ஓரிடத்தில் காற்புள்ளி ஒன்றைத் திருத்தினார். “இங்கிலீசு முன்னேறியிருக்கு,” என்றார்.

துரையின் இடத்திற்கு வரவிருந்த உள்நாட்டுப் பொறியாளர் என்னைக் கூப்பிட்டார். இளவயது மலாய்க்காரர். கடிதம் அவர் கையில் இருந்தது. “இதை எழுதச் சொன்னது யார்?” என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். ஆறு ஜாடிகளை வரவழைத்து, சோதனையைச் செய்துகாட்டச் சொன்னார். பாதி வரை செய்தேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, “இதற்குமேல் எனக்குத் தெரியாது, துவான்,” என்றேன்.

அவர் ஜாடிகளை ஒருபுறம் நகர்த்திவிட்டுக் கடிதத்தை மறுபடியும் எடுத்தார். “பயிற்சி மலிவானது என்று நீர் நிரூபித்துவிட்டதாகக் கருவூலம் சொல்கிறது. மலிவான பயிற்சி எவ்வளவு செலவு வைக்கும் என்று நீர் நிரூபித்திருக்கிறீர். இதை இப்படியே அனுப்புகிறேன்,” என்றார். பிறகு, என் பணி நிரந்தரமாவது ஓராண்டு தள்ளிப்போகும் என்பதையும், அளவு சொல்லும் பொறுப்பு என்னிடமிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் அதே குரலில் சொன்னார். சினமும் இல்லை, இரக்கமும் இல்லை. நியாயமாகவே இருந்தது.

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் நண்பர் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு பிற்பகல் பெரிய கிராணி தாமே பம்பு அறைவரை நடந்து வந்தார். அவர் அவ்வளவு தூரம் நடந்து நான் கண்டதில்லை. இயந்திரச் சத்தத்திற்கு மேலாகக் கத்தினார்: “ரெண்டு பேர்! முழுப்படி! விளங்குதே?” நண்பருக்குத் தமிழ் விளங்காது. ஆனால் பெரிய கிராணி உயர்த்திக் காட்டிய இரண்டு விரல்கள் விளங்கின. அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “அபாங், நான் பத்துக் காசுகூடத் திருப்பிக் கொண்டாரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்,” என்றார்.

அவ்வாறே செய்தார். பயிற்சி இடத்திற்கு இரண்டு தெரு தள்ளி ஒரு விடுதியில் தங்கினார். கடையில் உண்டார். ஆறு மாலைகளுக்கும் பேருந்தில் போனார். திரும்பி வந்தபோது கன்னம் சற்றுப் பூசினாற்போல் இருந்தது. அடுத்த மாதமே பொறுப்பாளராக உயர்வு கிடைத்தது. அதுவரை என்னோடு தோளுக்குத் தோளாக இருந்தவர் எனக்கு மேலதிகாரியானார். பொறாமை இருந்ததா என்று கேட்பவர்களுக்கு, முதல் வாரம் இருந்தது என்றே சொல்வேன்.

இரண்டாவது வாரம் மழை பிடித்தது. ஆறு மறுபடியும் செம்மண்ணாக வந்தது. அவர் ஆறு ஜாடிகளையும் சாளரத்தோரம் வரிசையாக வைத்து, அளந்து, கலக்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். ஜாடிகளுக்குள் அழுக்கு சிறு சிறு பஞ்சுகளாகத் திரண்டு மெல்ல இறங்கிற்று.

“எது, அபாங்? சொல்லுங்க.”

“நாலாவது,” என்றேன்.

“நல்லாப் பாருங்க. நாலாவது தெளிஞ்சிருக்கு, சரி. மூணாவதும் தெளிஞ்சிருக்கே? குறைஞ்ச படிகாரத்துல தெளியுறதைத்தான் எடுக்கணும்.” என் தோளைப் பிடித்துக் குனியவைத்து, என் கண்ணை மூன்றாவது ஜாடிக்கு நேராகக் கொண்டுவந்தார். “பின்னால ஒரு எழுத்தை வச்சுப் பாருங்க. படிக்க முடியுதா?”

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஜாடிக்குப் பின்னால் பிடித்தேன். ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது ஜாடியின் அளவைப் பதிவேட்டில் நான் எழுதினேன். அதன் கீழே அவர் கையெழுத்திட்டார். பிறகு இருவரும் படிகார மூட்டையைப் பிரிக்கப் போனோம்.